காய்ச்சல் போன பிறகும் விரல் வீக்கம்: வைரஸா, வேலையா, சத்துக் குறைவா?

லாபிஸ்_தங்கச்சி
எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணனுக்குச் சிக்குன்குனியா வந்து மாசக்கணக்காச்சு. கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதியாவே சொன்னாங்க. காய்ச்சல் ஒரு வாரத்துல போயிருச்சு. விரல், மணிக்கட்டு, கணுக்கால் மட்டும் விடல. காலையில பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடற இடம்) கிளம்பும்போது சட்டைப் பொத்தான் போட முடியாம அண்ணிதான் போட்டு விட்டாங்க. அவரு செம்பனைக் குலை வெட்டற ஆளு. தோட்டத்துல, "காய்ச்சல்தான் போச்சே, இன்னும் என்ன எம்.சி. லீவு"ன்னு கேக்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா, "எதிர்ப்புச் சக்தி கம்மி, அதான்"னு சொல்லி பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) ஒரு ஜாமு (மலாய் மூலிகை மருந்து) வாங்கிக் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல வலி பறந்துருச்சு. எனக்கு அதுதான் பயமா இருக்கு. பாக்கெட்ல கம்பெனி பேரைத் தவிர ஒண்ணும் இல்ல. இது எதனால வருது, என்ன செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முன்னாள்_மண்டோர்
தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. 2008ல ஜொகூர் முழுக்கச் சிக்குன்குனியா அடிச்சப்போ நான் தீம்பார்லதான் (தோட்டத்துல) வேலையாட்களைக் கண்காணிக்கற மண்டோரா இருந்தேன். அப்போ எங்க பக்கம் இன்னும் பால் மரம் (ரப்பர்) நெறைய இருந்துச்சு. லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக்கு வீடு படுத்தாங்க. பெரும்பாலானவங்க எழுந்து வேலைக்கு வந்துட்டாங்க. வராதவங்க யாருன்னும் எனக்குத் தெரியும், அதுக்கு முன்னாடியும் வராதவங்கதான். குலை வெட்டறவனுக்குக் கையும் தோளும் வலிக்கத்தான் செய்யும். இருபது வருசம் கம்பு தூக்கினவன் கையைப் படம் எடுத்தா தேய்மானம் தெரியும். எல்லாத்தையும் கொசு மேல போடறது இப்போ ஒரு பழக்கமாப் போச்சு.

வேர்_வைத்தியப்_பிரியன்
மண்டோர் அண்ணே, உங்க காலத்து ஆளுங்க கம்பும் கேழ்வரகும் தின்னவங்க. அதான் எழுந்தாங்க. இப்போ மெகி மீயும் ஐஸ் மைலோவும். உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்ல, அதனால வைரஸ் உள்ளயே தங்கிடுது. தங்கச்சி, சத்தை ஏத்தினா தானா ஓடிடும். ஜாமு வேலை செஞ்சதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன பயம்?

இரவு_ஷிப்ட்_லேப்
வேர் அண்ணே சொன்னதுல ஒரு பாதியைத் தலைகீழாத் திருப்பிப் போடணும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை செய்யறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

வைரஸ் செல்லுக்குள்ள நுழைஞ்சதும் அதோட மரபுப் பொருளான ஆர்.என்.ஏவைக் கண்டுபிடிக்கிற உணரிகள் செல்லுக்குள்ளயே இருக்கு. அது தூண்டினதும் இன்டர்ஃபெரான்ங்கற எச்சரிக்கைப் புரதம் சுரக்கும். அக்கம்பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து, வைரஸ் தங்களுக்குள்ள பெருக முடியாதபடி மாறிக்கும். கூடவே இன்டர்லூகின் 6, டி.என்.எஃப் மாதிரி சைட்டோகைன்கள் (செல்களுக்கு நடுவுல செய்தி கடத்தற புரதங்கள்) வெளியாகும். ரத்தக் குழாய் கசியும், வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு வரும், வீங்கும், சூடாகும், வலிக்கும். இதுதான் அழற்சி. காய்ச்சல், உடம்பு முறுக்கு எல்லாம் பெரும்பாலும் நம்ம எதிர்ப்பு அமைப்பே செய்யறது. வைரஸோட சண்டை போடறதுக்கான விலை அது.

இந்தச் சண்டை ஓயணும். ஓய்வைக்கத் தனிச் செல்களும் தனி வேதிப்பொருள்களும் உண்டு. சிக்குன்குனியாவுல சிலருக்கு அது சரியா ஓயறதில்ல. அந்த வைரஸ் மூட்டுச் சவ்வுல இருக்கிற செல்களைத் தொத்தும். ரியூனியன் தீவுல 2005-06ல மூணுல ஒரு பங்கு சனத்துக்கு வந்துச்சு (நம்ம ஆளுங்க கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவுதான்). அங்க நோயாளி ஒருத்தரோட மூட்டுச் சவ்வுல, காய்ச்சல் வந்து 18 மாசம் கழிச்சும் வைரஸோட ஆர்.என்.ஏ மேக்ரோஃபேஜ்ங்கற கிருமி விழுங்கற செல்கள்ல இருந்ததைப் பார்த்திருக்காங்க. முழு வைரஸ் பெருகணும்னு இல்ல, துண்டு கிடந்தாலே அமைப்பு அதைப் பார்த்துக் கிளம்பிட்டே இருக்கும்னு ஒரு கருத்து. இன்னொரு கருத்து, வைரஸ் போயிருச்சு, ஆனா சண்டையில தூண்டப்பட்ட செல்கள் அடங்கலைங்கறது. இன்னும் ஒண்ணு, வைரஸோட புரதமும் நம்ம உடம்புப் புரதமும் ஒத்துப் போறதால ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கிற எதிர்ப்புப் புரதம்) குழம்பிடுதுங்கறது. ஒரே ஆளுக்கு மூணும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

திருடனைத் துரத்தின ஜாகா (காவல்காரன்), திருடன் போனப்புறமும் வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிறான்னு வச்சுக்குங்க. அவனுக்கு இன்னும் சோறு போட்டுத் தெம்பு ஏத்தினா என்ன ஆகும்?

முன்னாள்_மண்டோர்
ஜாகா கதை நல்லா இருக்கு. ஆனா ஜாகா அடிக்கிறானா, இல்ல வீட்டுக்காரனே கீழ விழுந்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதைச் சொல்லுங்க. எல்லாரும் வந்து விரலைக் காட்டுவாங்க.

பழைய_டிரஸ்ஸர்
மண்டோரின் கேள்வி நியாயமானது. நான் தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் டாக்டர் வாரம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். சாயங்காலம் மோசமாக இருக்கும். அழற்சி வலி அதற்கு நேர்மாறு. படுத்து எழுந்தவுடன் விறைப்பு அதிகம், அரை மணி, ஒரு மணி என்று நீடிக்கும், அசைத்து நடமாடினால்தான் தளரும். விரல் கணுக்கள் இரண்டு பக்கமும் வீங்கிச் சூடாக இருக்கும். காலையில் பொத்தான் போட முடியவில்லை என்று தங்கை எழுதியதைப் படித்தீர்களா? அது குலை வெட்டித் தேய்ந்தவனின் பேச்சாக எனக்குப் படவில்லை. அதற்காக இதை வைத்து மட்டும் முடிவு கட்டவும் கூடாது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டும் பார்க்க வேண்டும். முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் முடக்குவாதக் காரணி, ஆன்டி சி.சி.பி பரிசோதனைகளும் பார்க்க வேண்டும். ஏனென்றால் சிக்குன்குனியா முடிந்து வரும் மூட்டு வீக்கம், அசல் முடக்குவாதத்தைப் போலவே தோன்றும்.

2008 பற்றி நீங்கள் சொன்னதும் உண்மைதான், பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். எழாதவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களும், முதல் வாரமே கடுமையாகப் படுத்தவர்களும், முன்பே மூட்டு நோய் உள்ளவர்களும் அதிகம் இருப்பார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. சோம்பேறிகள் என்று நீங்கள் கணக்கெடுத்த சிலரின் விரலை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம், இளைஞர்களுக்குத் தெரியாது. நம் மலேசியாவில் முதலில் இது பதிவானது 1998 இறுதியில், கிள்ளான் துறைமுகப் பக்கம். அப்போது ஊருக்குள் சுற்றும் கொசுவின் வேலை. 2008இல் வந்த வைரஸில் ஒரு சிறு மாற்றம் இருந்தது, அதனால் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் அது நன்றாகப் பெருகியது. அந்தக் கொசு தோட்டத்துக் கொசு. பால் வெட்டு நின்ற ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் விட்டால் மழைத் தண்ணீர் தேங்கும், அது போதும். ஹெல்த் ஆபிஸ்காரர்கள் லயத்தில் புகை அடித்துவிட்டுப் போவார்கள், கொசு தீம்பாரில் இருக்கும்.

முன்னாள்_மண்டோர்
மங்கைக் கவிழ்க்காம விட்டதும் மண்டோர் தப்புதான்னு அடுத்து சொல்லுவீங்க போல.

பழைய_டிரஸ்ஸர்
சொல்லவில்லை. நினைத்தேன்.

கே.எல்.ல_படிக்கிறவன்
இது சிக்குன்குனியா மட்டும் இல்ல அங்கிள்ஸ். எல்லா வைரஸும் இப்படித்தான் ஏதாவது விட்டுட்டுப் போகுது. எப்ஸ்டீன் பார் வைரஸ் தொத்தினப்புறம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (நரம்பு உறையை எதிர்ப்பு அமைப்பே தாக்கற நோய்) வர்ற வாய்ப்பு 32 மடங்கு ஏறுதுன்னு 2022ல வந்துச்சு, அமெரிக்க ராணுவத்துல ஒரு கோடிப் பேருக்கு மேல வச்சுப் பார்த்தது. தட்டம்மை பழைய ஆன்டிபாடிகளையே அழிச்சிடுது. லாங் கோவிட் இருக்கு. நம்ம நாட்டுல வந்த நிப்பா வைரஸையே எடுத்துக்குங்க. தேறி வீட்டுக்குப் போனவங்கள்ல சிலருக்கு மாசக்கணக்கு, வருசக்கணக்கு கழிச்சு மறுபடி மூளை அழற்சி வந்துச்சு. எல்லாமே எதிர்ப்பு அமைப்பு கெட்டுப் போறதுதான்.

இரவு_ஷிப்ட்_லேப்
தம்பி, எல்லாத்தையும் ஒரே பைக்குள்ள போடாதே. நிப்பாவுல மறுபடி வந்தது, மூளைக்குள்ள ஒளிஞ்சிருந்த வைரஸே திரும்பக் கிளம்பினது. அப்படி இறந்தவங்க மூளையில வைரஸோட புரதம் இருந்துச்சு. அது எதிர்ப்பு அமைப்போட பிசகுன்னு சொல்ல முடியாது. முதல்ல அதை ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு நெனச்சுக் கொசுவுக்கு மருந்து அடிச்சுட்டு இருந்ததும், 1999ல மலாயா பல்கலைக்கழகத்துல புது வைரஸ்னு கண்டுபிடிச்சதும் ஞாபகம் இருக்கா? காரணம் மாறினா வைத்தியமும் மாறும். அதுக்குத்தான் பிரிச்சுப் பேசறேன்.

எப்ஸ்டீன் பார் கணக்கு சரிதான். ஆனா பெரியவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல அந்த வைரஸ் உடம்புல இருக்கு. ஸ்க்ளீரோசிஸ் வர்றது ரொம்ப அபூர்வம். வைரஸ் இல்லாம வராது போல, ஆனா வைரஸ் மட்டும் போதாது. மரபணுவும் வேற ஏதோவும் சேரணும். லாங் கோவிட் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 2021 அக்டோபர்ல உலகச் சுகாதார நிறுவனம் அதுக்கு ஒரு வரையறை கொடுத்துச்சு, காரணம் ஒண்ணா பலவான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க.

தட்டம்மைதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2019ல நெதர்லாந்துல தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளோட ரத்தத்தை நோய்க்கு முன்ன, பின்ன பார்த்தாங்க. மத்த கிருமிகளுக்கு எதிரா வச்சிருந்த ஆன்டிபாடி 11லேருந்து 73 சதவீதம் வரைக்கும் காணாமப் போயிருந்துச்சு. அதாவது இங்க எதிர்ப்பு அமைப்பு மிஞ்சிப் போகல, ஞாபகத்தை இழந்துடுச்சு. சிக்குன்குனியாவுக்கு நேர் எதிர். அப்போ 'எதிர்ப்புச் சக்தி கம்மி', 'எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி'ன்னு ஒரு தராசுல போட்டுப் பேசறதே தப்பு.

வேர்_வைத்தியப்_பிரியன்
எல்லாம் சரி லா. இங்கிலீஷ் மருந்துல என்ன கிழிச்சீங்க? டெங்கிக்கு மருந்து கிடையாது, பெனடால் (பாராசிட்டமால்) மட்டும்தான். பப்பாளி இலைச் சாறு குடிச்சுப் பிளேட்லெட் ஏறினதை நம்ம நாட்டு ஆராய்ச்சியே ஒத்துக்கிச்சு. சிக்குன்குனியாவுக்கும் மருந்து கிடையாது. அப்போ ஜாமுவை மட்டும் ஏன் திட்டறீங்க? ரெண்டு நாள்ல வலி போச்சு, அது பொய்யா?

இரவு_ஷிப்ட்_லேப்
பப்பாளி இலை ஆய்வு 2013ல வந்தது உண்மை. பிளேட்லெட் ஏறினதைத்தான் காட்டுச்சு, உயிர் காத்ததைக் காட்டல. டெங்கியில கொல்றது பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் இல்ல, ரத்தக் குழாய் கசிஞ்சு ரத்த அழுத்தம் விழறது. அதுவும் காய்ச்சல் இறங்கற நேரத்துல. டெங்கி நாலு வகை. ரெண்டாவது தடவை வேற வகை வந்தா, முதல் தடவை உண்டான ஆன்டிபாடியே வைரஸைச் செல்லுக்குள்ள ஏத்திவிட்டு நிலைமையை மோசமாக்கலாம். அங்க போய்ச் 'சத்து ஏத்தறேன்'னு நிக்காதீங்க.

ஜாமு விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு நாள்ல வலி போனது பொய்யில்ல. அதான் பிரச்சினை. அழற்சி வலியை அவ்வளவு சீக்கிரம் அடக்கறது என்ன தெரியுமா? ஸ்டீராய்டு. பதிவில்லாத ஜாமுக்கள்ல டெக்சாமெத்தசோன் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை பிடிச்சு எச்சரிச்சிருக்கு. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை ஏத்தாது, அமுக்கும். 'இம்யூனிட்டி பூஸ்டர்'னு வாங்கினது வேலை செஞ்சா, பேருக்கு நேர் எதிரா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்!

வேர்_வைத்தியப்_பிரியன்
எல்லா ஜாமுவும் அப்படியா? நாங்க வீட்டுல அரைக்கிற இஞ்சி, மஞ்சள்லயும் ஸ்டீராய்டா?

இரவு_ஷிப்ட்_லேப்
இல்லண்ணே. அரைச்சுக் குடிங்க. நான் சொல்றது பாக்கெட்டைப் பத்தி. பதிவு செஞ்சதுன்னா 'எம்.ஏ.எல்.' எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கணும். தங்கச்சி சொன்ன பாக்கெட்ல அது இல்ல.

லாபிஸ்_தங்கச்சி
இல்லக்கா, நல்லாப் பார்த்துட்டேன். அண்ணனுக்கு முகம் கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு. சாப்பாடு நல்லா ஏறுதுன்னு அம்மா சந்தோசப்பட்டுட்டு இருந்தாங்க. இன்னிக்கே குப்பையில போட்டுரவா?

பழைய_டிரஸ்ஸர்
போடாதீர்கள் அம்மா. இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து ஆகலாம். நாளையே பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணனைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசுச் சுகாதார நிலையம்) அழைத்துப் போங்கள். ஒரு வெள்ளிதான் கட்டணம். எத்தனை நாளாக, நாளுக்கு எத்தனை என்று உள்ளதைச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டி வீக்கம் இருந்தால் மூட்டு வாத நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் மாதிரி, எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மருந்துகள் உண்டு, ஆனால் அவை ரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டியவை. அடுத்த வீட்டாரிடம் கடன் வாங்கிச் சாப்பிடுகிற மருந்தல்ல.

இன்னொன்று, இது எல்லாருக்கும். புதிதாகக் காய்ச்சல் வந்தால், டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை வலிக்காக டைக்ளோஃபினாக், புரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். பெனடால் மட்டும்.

முன்னாள்_மண்டோர்
சரிம்மா, பெரிய டாக்டர் கடிதம் கொடுத்தா ஆபிஸ்ல காட்டச் சொல்லு. கடிதம் இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. வாயால சொன்னா நான் இருந்தாலும் நம்ப மாட்டேன். கடிதத்துல லேசான வேலைன்னு எழுதினா, குலை வெட்ட விடாம உதிரிப் பழம் பொறுக்க விடுவாங்க.

லாபிஸ்_தங்கச்சி
பொறுக்கறதுக்கும் விரல் மடங்கணும்லண்ணே.

முன்னாள்_மண்டோர்
அப்போ நர்சரியில தண்ணி ஊத்தற வேலை கேக்கச் சொல்லு. பைப்பைத் திறந்து விடறதுதான். கடிதத்துல 'கை வேலை கூடாது'ன்னு தெளிவா எழுதி வாங்குங்க. 'லேசான வேலை'ன்னு மட்டும் இருந்தா ஆபிஸ் கிராணி (எழுத்தர்) அவருக்குத் தோணினதைப் போட்டுடுவாரு.