புதுப்பிப்பு: மாலிக்யூல் 01 வாசனை எனக்கு மட்டும் மறைந்துபோவது ஏன்

எஸ்சென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் நிறுவனத்தின் மாலிக்யூல் 01 என்ற பெர்ஃப்யூமைப் போட்ட கொஞ்ச நேரத்தில் வாசனையே தெரியவில்லை, பாட்டில் போலியா என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில், கடையில் இருந்த டெஸ்டரோடு ஒப்பிட்டேன். அதுவும் அப்படியே மறைந்தது. சந்தேகம் தீர்ந்தது.

விடை தந்தது இன்னொரு யோசனை: மணிக்கட்டில் முகராமல் சட்டையில் அடித்துவிட்டு, வெளியே போய்த் திரும்பி வந்து முகரச் சொன்னார் ஒருவர். கதவைத் திறந்ததும் தேவதாரு மாதிரி மென்மையான மரவாசம் அறை முழுக்க இருந்தது! நான் எதுவும் தெரியவில்லை என்று நினைத்த நேரத்தில் வீட்டில் மற்றவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

காரணம் இதுதான். 2006-இல் பெர்ஃப்யூம் கலைஞர் கெசா ஷோன் உருவாக்கிய இதில் வாசனைப் பொருள் என்று இருப்பது ஐசோ ஈ சூப்பர் என்ற, மரவாசம் தரும் செயற்கை வேதிப்பொருள் மட்டுமே. மூக்கு அதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. சிலருக்கு அது தொடக்கத்திலிருந்தே மிக மங்கலாகத்தான் தெரியும். அதனால் தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பாவம்.

எதிர்பாராத ஒன்று: இதை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, ஹெர்மெஸ் நிறுவனத்தின் டெர் டெர்மெஸ் பெர்ஃப்யூமில் ஆரஞ்சுக்கும் மிளகுக்கும் அடியில் இதே மரவாசம் பளிச்சென்று தெரிகிறது. அதிலும் ஐசோ ஈ சூப்பர் தாராளமாக உண்டு. ஏற்கெனவே பிடித்த வாசனைதான், இப்போது இன்னும் அழகாக இருக்கிறது.