கோத்தகிரி வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர்? குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

*நான்*
அனைவருக்கும் வணக்கம். உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். மழை பிடித்ததிலிருந்து எங்கள் பக்கம் சாலையோரத்துச் சீகை மரங்களும் கற்பூர மரங்களும் கம்பிகள் மேல் சாய்ந்து கரண்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பதால், கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்துபோவது பெரும் சிரமமாக இருக்கிறது. என்ன வாங்கலாம் என்று இணையத்தில் சில குழுக்களில் கேட்டேன். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்குக் குறைந்து வாங்கவே கூடாது என்று ஒருவர் சொல்கிறார், லித்தியம் பேட்டரிதான் வாங்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார், ரௌட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் (கரண்ட் போனால் ரௌட்டரை ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டி) வைத்தால் போதும் என்று மூன்றாமவர் சொல்கிறார். மூவருமே உறுதியாகப் பேசுகிறார்கள். நம் மலைக்கு எது பொருந்தும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*பெரியப்பா (உதகை)*
கண்ணு, மூவரும் அவரவர் வீட்டுக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக்கு எது சரி என்று சொல்வதற்கு எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். கரண்ட் போனால் எவையெல்லாம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், பேட்டரியை எந்த இடத்தில் வைக்கப் போகிறாய்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த மூன்றும் தெரியாமல் யோசனை சொல்கிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

*நான்*
ரௌட்டர், லேப்டாப், மூன்று எல்ஈடி விளக்குகள் ஆகியவை ஓடினால் போதும், பெரியப்பா. பெரும்பாலும் நான்கைந்து மணி நேரத்தில் கரண்ட் வந்துவிடும். ஹாலில் மூலையோரம் கொஞ்சம் இடம் இருக்கிறது.

*அண்ணன் (கோவை)*
இணையத்தில் கிடைக்கும் கணக்குப் பட்டியல்கள் எல்லாம் எங்களைப் போன்ற சமவெளிக்காரர்களுக்காகப் போட்டவை. எங்கள் வீட்டில் மூன்று மின்விசிறிகள் ஓடுகின்றன, பழைய விசிறி ஒன்றே சுமார் 75 வாட் இழுக்கும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உன் வீட்டில் விசிறியே கிடையாது. ரௌட்டருக்கு 12 வாட், லேப்டாப்புக்கு 50 வாட், விளக்குகளுக்கு 27 வாட் என்று வைத்தாலும் 90 வாட்டைத் தாண்டாது. உனக்குப் பெரிய சுமை கீசர்தான். அது 2,000 வாட் இழுப்பது, அதை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்கவே கூடாது. வயரிங் செய்ய வருகிறவரிடம் கீசர் லைனைத் தனியாகப் பிரித்துவிடச் சொல்.

*பெரியப்பா (உதகை)*
தம்பி சொன்ன கணக்கு சரி. 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் ஏட்டளவில் 1,200 வாட்-மணி இருக்கும். பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். அதையெல்லாம் கழித்தால் 90 வாட் சுமைக்கு ஐந்து மணி நேரம் வரும். ஆனால் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் அளவு 27 டிகிரி வெப்பத்துக்கு உரியது. மார்கழி, தை மாத இரவுகளில் நம் வீடுகளுக்குள்ளேயே 10 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, அப்போது ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையலாம். கோவைக்காரருக்கு 100 ஏஎச் தாராளமாக இருக்கும் அதே சுமைக்கு உனக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருப்பது இதனால்தான்.

*அத்தை (குன்னூர்)*
குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும் என்றால், ஹாலில் கணப்பு போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் சூடு கிடைக்குமே, அண்ணா? பேட்டரியைக் கதகதப்பான இடத்தில் வைக்கச் சொல்லி எனக்கும் ஒரு வீடியோ வந்தது.

*பெரியப்பா (உதகை)*
வேண்டவே வேண்டாம், தங்கச்சி. இதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது, அதிலும் முடிவை நெருங்கும்போது, ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அந்த வாயு காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. சமவெளியில் சன்னல்கள் நாள் முழுவதும் திறந்திருப்பதால் அது தானாகக் கலைந்துவிடும், ஆகவே அங்கிருந்து யோசனை சொல்கிறவர்களுக்கு இது நினைவுக்கே வருவதில்லை. நாமோ குளிருக்குப் பயந்து கதவு, சன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உள்ளே கரி போட்டு உட்கார்கிறோம். அடைத்த அறையில் கரிக் கணப்பே உயிருக்கு ஆபத்து. மூடிய அறையில் கரிப்புகையைச் சுவாசித்துத் தூக்கத்திலேயே இறந்தவர்களைப் பற்றி இந்த மாவட்டத்தில் நாம் எத்தனை முறை கேள்விப்பட்டிருக்கிறோம்! அதன் பக்கத்தில் பேட்டரியையும் கொண்டுவந்து வைக்கலாமா?

*அத்தை (குன்னூர்)*
ஐயோ, அந்த வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நம் உறவினர்கள் வேறு யாருக்கும் அது போய்விடக் கூடாது. நீங்கள் சொன்னதையே மற்றக் குழுக்களுக்கும் அனுப்புகிறேன்.

*சித்தி (கூடலூர்)*
எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பருவமழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது மாவட்டம் முழுவதும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டில் ரௌட்டரின் விளக்கு பச்சையாகவே எரியும், ஆனால் இணையம் வராது. ஃபைபர் கம்பி வந்து சேரும் இடத்தில் இருக்கும் கருவிக்கும் கரண்ட் வேண்டும், அங்கே பேட்டரி தீர்ந்துவிட்டால் நம் வீட்டில் என்ன வைத்தும் பயனில்லை. ஆகவே பணம் செலவழிக்கும் முன் உன் கேபிள்காரரிடம், "உங்கள் பெட்டிக்கு எத்தனை மணி நேரம் பேக்கப் இருக்கிறது?" என்று கேட்டுவிடு. சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் இதற்குப் பதில் சொல்ல முடியாது, உன் தெருவுக்கு இணைப்பு கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

*நான்*
இதை நான் நினைத்தே பார்க்கவில்லை, சித்தி. கேபிள் அண்ணனிடம் இப்போதே பேசிவிட்டு வருகிறேன்.

*நான்*
பேசிவிட்டேன். அவருடைய பெட்டியில் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டு வருவாராம், ஆனால் மரம் விழுந்து வழி அடைபட்டால் தாமதமாகும் என்று நேராகவே சொன்னார்.

*அண்ணன் (கோவை)*
அப்படியென்றால் முதலில் மினி யூபிஎஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். லேப்டாப் தன் சொந்த பேட்டரியிலேயே அந்த மூன்று மணி நேரத்தை ஏறக்குறைய ஓட்டிவிடும், விளக்குக்கு எமர்ஜென்சி லைட் இருக்கிறது, ரௌட்டர் மட்டும்தான் பாக்கி. ஆனால் எல்லா மினி யூபிஎஸ்ஸும் எல்லா ரௌட்டருக்கும் பொருந்தும் என்று விற்பவர்கள் எழுதியிருப்பதை நம்பிவிடாதே. அடாப்டரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு.

*நான்*
படம் அனுப்பியிருக்கிறேன். எழுத்து பாதி அழிந்திருந்ததால் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தேன்.

*அண்ணன் (கோவை)*
நன்றாகத் தெரிகிறது. முதல் வரியில் இருப்பது உள்ளே வரும் மின்சாரம், அதை விட்டுவிடு. இரண்டாவது வரியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருக்கிறது. மினி யூபிஎஸ்ஸின் வோல்ட் அச்சாக 12 ஆக இருக்க வேண்டும், ஆம்பியர் 1.5 அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது. ஒரு சிறு வட்டமும் புள்ளியுமாக ஒரு படம் போட்டிருக்கிறது பார், நடுப்புள்ளியோடு கூட்டல் குறி சேர்ந்திருக்கிறது. வாங்கும் யூபிஎஸ்ஸிலும் அப்படியே இருக்க வேண்டும். மாறியிருந்தால் ரௌட்டர் எரிந்துபோகலாம்.

*மாமா (குன்னூர்)*
பிற்பாடு பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நம் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது என்பதற்காக அதை பேட்டரியில் ஊற்றிவிடக் கூடாது. குடிக்க எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் கரைந்த தாது உப்புகள் இருக்கும், அவை தகடுகளைக் கெடுத்துவிடும். கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், அதுவும் மிதவையில் குறித்திருக்கும் கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும்.

*நான்*
லித்தியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பராமரிப்பு இல்லாதது என்கிறார்களே, பெரியப்பா?

*பெரியப்பா (உதகை)*
அது நல்ல பொருள்தான், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை, சாதாரணமாக வாயுவும் வராது. விலைதான் கூடுதல். உறைபனி விழும் நாட்களில் வெளி வராந்தாவில் மட்டும் வைக்கக் கூடாது, வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கும்போது சார்ஜ் செய்தால் அந்த வகை பேட்டரி பழுதாகும். வீட்டுக்குள் வைத்தால் நமக்கு அந்தக் கவலை கிடையாது. இப்போதைக்கு மினி யூபிஎஸ் வாங்கி இந்த மழைக்காலத்தை ஓட்டிப் பார். எத்தனை மணிக்குக் கரண்ட் போயிற்று, எப்போது வந்தது, இணையம் எப்போது நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வை. கரண்ட் போனதும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் அதே நோட்டில் எழுதிக்கொள். மழை ஓய்ந்த பிறகு நோட்டைப் பார்த்து, பெரியது தேவையா என்று முடிவு செய்வோம்.

*நான்*
அப்படியே செய்கிறேன், பெரியப்பா. இணையத்தில் எனக்குப் பதில் எழுதியவர்களுக்கும் நீங்கள் கேட்ட விவரங்களோடு மறுபடியும் எழுதப் போகிறேன். மலையில் இருக்கும் வேறு யாராவது அதே கேள்வியோடு வந்தால் உதவும்.

*அண்ணன் (கோவை)*
சனிக்கிழமை காந்திபுரம் பக்கம் போகிறேன், 12 வோல்ட், 2 ஆம்பியரில் பார்த்து வாங்கி ஞாயிறு காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பழைய அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே, யூபிஎஸ்ஸுக்கு மின்சாரம் கொடுக்க சில மாடல்களில் அதுவே வேண்டியிருக்கும்.