யாழ்ப்பாணக் குரல் பீட்டை முந்தி ஓடுகிறது, உதவி தேவை

கிள்ளான்_பீட்:
வணக்கம். மலேசியாவின் கிள்ளானில் நான், மதுரையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரு தம்பி என மூவரும் சேர்ந்து ஒரு ராப் பாட்டு செய்கிறோம். 2006-ல் யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' வந்ததிலிருந்தே தமிழ் ராப் என்றால் எனக்கு உயிர். மூன்று ஊர்ப் பேச்சும் அதனதன் வாடையோடு இதில் கேட்க வேண்டும்.

பீட் (பின்னணித் தாள இசை) 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. மதுரைக் குரல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தம்பியின் குரலோ முதல் பாரில் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) சரியாக இருக்கிறது, போகப்போக முந்துகிறது. 16-ஆவது பாரின் கடைசிச் சொல் ஏறக்குறைய 1 விநாடி முன்னதாகவே விழுகிறது. வரிவரியாக வெட்டி நகர்த்தினால் அவருடைய நடையே செத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

ஒலிக்கூடம்:
சாம்பிள் ரேட்டைப் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) பாருங்கள் ப்ரோ. 44.1-ல் பதிந்ததை 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட் மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டால் குரல் வேகமாக ஓடும்.

தாளக்கணக்கு:
அதுவாக இருக்காது. 90 பிபிஎம்மில் 16 பார் என்றால் 64 அடி, 42.7 விநாடி. சாம்பிள் ரேட் குழப்பம் என்றால் அது 39.2 விநாடியில் முடிந்துவிடும், குரலும் ஒன்றரை அரைச்சுரம் ஏறிக் கீச்சென்று கேட்கும். லேட்டன்சியும் (பதிவின்போது கருவியில் ஏற்படும் தாமதம்) இல்லை; அது தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவுதான் தள்ளும். உங்களுக்கு இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது, எனவே டெம்போதான் (தாள வேகம்) வேறு. 92 பிபிஎம் என்றால் 64 அடிக்கு 41.7 விநாடி. நீங்கள் சொல்லும் 1 விநாடி அங்கேதான் இருக்கிறது.

தம்பியின் ப்ராஜெக்ட் டெம்போ என்னவென்று கேளுங்கள். சில மென்பொருள்கள் பீட்டை உள்ளே போட்டதுமே ப்ராஜெக்ட் டெம்போவுக்கு ஏற்பச் சுருக்கிவிடும். பிட்ச் (சுருதி) மாறாது என்பதால் காதுக்குப் பிடிபடாது.

யாழ்_எம்சி:
அண்ணை, இப்பத்தான் பார்த்தனான். ப்ராஜெக்ட் 92-லதான் கிடக்கு. ஹெட்போனில எனக்குப் பீட்டும் குரலும் ஒண்டாத்தான் கேட்டது.

தாளக்கணக்கு:
கேட்கத்தான் செய்யும், சுருங்கிய பீட்டோடு நீங்கள் சரியாகத்தான் பாடியிருக்கிறீர்கள். கிள்ளான் அண்ணா, எதையும் வெட்ட வேண்டாம். முழு டேக்கையும் (பதிவையும்) ஒரே துண்டாக 102.2 சதவீதத்துக்கு நீட்டுங்கள். சொற்களுக்கு இடையிலான இடைவெளிகள் அதே விகிதத்தில் நிற்கும், நடை கெடாது. அப்புறம் ஒவ்வொரு அசையையும் மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் தள்ளாதீர்கள். பீட்டுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து சொல்வதும் ராப்பில் ஓர் அழகு.

கிள்ளான்_பீட்:
நீட்டிப் பார்த்தேன், கடைசிச் சொல் ஸ்நேர் டிரம் அடி மேலேயே வந்து விழுகிறது! ஆனால் 'ஸ', 'ற்ற' வரும் இடங்களில் லேசாகக் கரகரப்பு.

தாளக்கணக்கு:
அப்படியானால் இதை வழிகாட்டி டேக்காக வைத்துக்கொண்டு மறுபடி பதிவதே நல்லது. தம்பி, ப்ராஜெக்டை 90-க்கு மாற்றி, டெம்போவைப் பின்தொடரும் வசதியை அணைத்துவிட்டுப் பீட்டைப் புதிதாகப் போடுங்கள். வேவ் கோப்பாக, பீட்டின் முதல் நொடியிலிருந்தே ஏற்றுமதி செய்து, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

யாழ்_எம்சி:
சரி அண்ணை, இரவுக்குப் பதிஞ்சு அனுப்புறன்.