திரி: நீலகிரி ரூட் விளக்கக்குறிப்பு – 'செலக்டிவ் கம்ப்ரெஷன்' தமிழ்ல என்ன?

தமிழாக்கக் குழு அன்பர்களுக்கு வணக்கம்,

ரயில் சிமுலேட்டருக்கு மேட்டுப்பாளையம் – ஊட்டி ரூட் ஒண்ணு நான் செஞ்சிட்டு வர்றது சில பேருக்குத் தெரியும். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துல பசங்களை அதை ஓட்ட விடப்போறோம், கூட குடுக்குற குறிப்பு முழுக்க தமிழ்ல வேணும்னு அங்க டீச்சர் கேட்டிருக்காங்க. எல்லாம் எழுதியாச்சு, ஒரு எடத்துல மட்டும் நிக்குது.

நிஜப் பாதை 45.88 கிமீ. கல்லாறு தாண்டி பல்தண்டவாளம் (எஞ்சினோட பல்சக்கரம் கடிச்சு ஏறுற, நடுவுல பல் வெச்ச தண்டவாளம்) ஏறிட்டா குன்னூர் வரைக்கும் மணிக்கு 13 கிமீ தான் உச்ச வேகம், காலைல ஏழு மணிக்கு மேல எடுத்த வண்டி ஊட்டி சேர மத்தியானம் ஆயிடும். பசங்களுக்கு ஆளுக்கு அரை மணி நேரம் தான் கிடைக்கும். அதனால கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவுல ஒரு பகுதியை எடுத்துட்டேன், அங்க இருக்குற அடர்லி ஸ்டேஷனே கிடையாது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி எல்லாம் இருக்கு ஆனா நடுவுல தூரம் பாதி. மாடல் ரயில் செய்றவங்க இதை செலக்டிவ் கம்ப்ரெஷன்னு சொல்வாங்க, முக்கியமானதை விட்டுவெச்சு மத்ததைச் சுருக்குறது. இதுதான் நிஜப் பாதைன்னு பசங்க நெனச்சுடக் கூடாது, முதல் பக்கத்துலயே சொல்லிடணும். வெள்ளி ராத்திரிக்குள்ள ஒரு சொல் வேணும்.
– கோவையிலிருந்து

*

'தேர்ந்து சுருக்கல்'னு நேரா வரும், ஆனா எனக்கு அதுல ஒரு தயக்கம். மென்பொருள் தமிழாக்கத்துல ஃபைலை ஜிப் பண்றதுக்கு நாம 'சுருக்கு' தான் வெச்சிருக்கோம், "இந்த ரூட் சுருக்கப்பட்டது"ன்னு போட்டா எங்க விரிக்கிறதுன்னு பசங்க தேடுவாங்க. 'இடைநீக்கம்'னும் போட்டுடாதீங்க, அது வேலையிலேருந்து சஸ்பெண்ட் பண்றது.
– சென்னை

*

அன்பர்களே,

இதற்கு வெளியே தேட வேண்டாம். நன்னூலில் செய்யுள் விகாரம், அதாவது பாட்டின் தேவைக்காகச் சொல் மாறுவது, பாருங்கள். "வலித்தல் மெலித்தல் நீட்டல் குறுக்கல் விரித்தல் தொகுத்தலும் வரும்செய்யுள் வேண்டுழி". 'வேண்டுழி', வேண்டிய இடத்தில், என்ற சொல்தான் இங்கே உயிர். தளை, அதாவது சீர்களின் கட்டு, கெடாமல் இருக்க வேண்டுமானால் அந்த இடத்தில் மட்டும் குறுக்கு, தொகு. கோவைத் தம்பி செய்ததும் அதுவே, ஆட்டம் வேண்டுகிற இடத்தில் மட்டும் கை வைத்திருக்கிறார்.

அவர் செய்தவை இரண்டு வேலை, ஒரே சொல்லில் அடக்குவது சரியல்ல. அரவங்காட்டுப் பக்கம் தூரத்தைப் பாதியாக்கியது குறுக்கம். ஐகாரக் குறுக்கத்தில் ஐ தன் மாத்திரையில் குறைகிறது, ஆனாலும் ஐ தான். அடர்லியைத் தூக்கியது வேறு. அதை முதலில் இடைக்குறை என்று நினைத்தேன், 'ஓந்தி' 'ஓதி' ஆவது போல. ஆனால் இடைக்குறை ஒரு சொல்லுக்குள் நிகழ்வது. இரண்டு சொல் சேருமிடத்தில் நடுவே உள்ளது மறைந்தால் அது தொகுத்தல்: சிறிய இலை, 'சிறியிலை'. கல்லாறு ஒரு நிலையம், ஹில்குரோவ் ஒரு நிலையம், நடுவில் இருந்தது போனது. ஆகவே தொகுத்தல். இரண்டு நிலையத்துக்கு நடுவே உள்ளதை ஒரு சொல் என்று கொள்வதா இரு சொல்லின் புணர்ச்சி என்று கொள்வதா என்பது இன்னும் யோசிக்க வேண்டியது, நாளை விரிவாக எழுதுகிறேன்.
– மதுரை

*

ஐயா, 'தொகு'ன்னு சொன்னா இன்னைக்கு இணையத்துல இருக்குற தமிழனுக்கு எடிட் தான். விக்கிப்பீடியால ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த பட்டன் இருக்கு. பத்தாவது படிக்கிற பையன் "தொகுக்கப்பட்ட தடம்"னு படிச்சா யாரோ திருத்தினதுன்னு எடுத்துப்பான் இல்லன்னா பல ரூட்டைச் சேர்த்ததுன்னு எடுத்துப்பான், ரெண்டுமே தப்பு.
– சென்னை

*

ஒரு சின்னக் கேள்வி. சிமுலேட்டருக்கு குறிப்பில என்ன சொல் போட்டிருக்கிறியள்? போன திரியில ஆரோ 'பாவனையாக்கி' எண்டு சொன்னவை. எங்கட பக்கம் பாவனை எண்டால் உபயோகம், 'பாவனைக்கு உதவாத புகையிரதம்' எண்டு எழுதினா ஓடாத கோச்சி எண்டுதான் விளங்கும். ஒப்புருவாக்கி எண்டே வையுங்கோ.

மற்றது, ஐயா சொன்ன ரெண்டையும் பிரிக்கிறது நல்ல விசயம். நீளத்தைக் குறைச்சா பிள்ளை கொஞ்ச நேரம் கூட இருக்கும் எண்டு கற்பனை பண்ணிக்கொள்ளும். ஒரு ஸ்டேசனையே எடுத்துப்போட்டு சொல்லாமல் விட்டால் அப்பிடி ஒரு இடம் இருந்ததே அதுக்குத் தெரியாமல் போகும்.
– யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோ

*

எல்லாருக்கும் வணக்கம். நான் குன்னூர் ஷெட்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், இலக்கணம் பேசுற அளவுக்கு இல்ல, ஆனா சொல்லுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும்.

தம்பி, கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவுல எடுத்துட்டேன்னு சாதாரணமா எழுதிட்டீங்க. ஹில்குரோவ்ல வண்டி ஏன் நிக்குது? தண்ணி பிடிக்க. 12.28 அடிக்கு ஒரு அடி ஏத்தம், நீராவி எஞ்சின் பின்னாடி நின்னு அத்தனை பெட்டியையும் தள்ளுது, நாலு சிலிண்டர்ல ரெண்டு சக்கரத்துக்கு, ரெண்டு பல்சக்கரத்துக்கு, தண்ணி அப்படிக் குடிக்கும். நடுவுல தூரத்தைக் குறைச்சுட்டா ஹில்குரோவ் வர்றப்போ டேங்க்ல தண்ணி நிறைய நிக்கும், பையன் எதுக்கு அங்க நிறுத்துறான்? ஸ்டேஷனைக் காப்பாத்திட்டேன்னு நீங்க சொல்றீங்க, அது அங்க இருக்குற காரணத்தை எடுத்துட்டீங்களே. இது குறுக்கமா தொகுத்தலான்னு எனக்குத் தெரியல, ஆனா இதுக்கும் சேர்த்து சொல் வேணும்.

இன்னொண்ணு, ஏறும்போது டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது, பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நின்னு கொடி காட்டித்தான் வண்டி போகுது. அதை எப்படி வெச்சிருக்கீங்க?
– குன்னூர்

*

அண்ணா, தண்ணி விஷயம் சரியா பிடிச்சீங்க. அதுக்கு ஒரு வழி செஞ்சிருக்கேன், தூரம் எவ்வளவு குறைஞ்சதோ அந்த விகிதத்துல தண்ணிச் செலவைக் கூட்டி வெச்சிருக்கேன், ஹில்குரோவ் வர்றதுக்குள்ள டேங்க் இறங்கிடும். கொடி வெக்கல, பசங்களுக்கு முதல் பெட்டி பால்கனிலேருந்து பாக்குற மாதிரி காட்சி குடுத்திருக்கேன். இல்லன்னா அரை மணி நேரமும் பெட்டியோட பின்பக்கத்தையே பாத்துட்டு இருப்பாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், சுருக்காம முழுசா செஞ்சா மட்டும் உள்ளபடி வந்துடாது. மலை உயரத்துக்கு நான் எடுத்தது 2000-ல விண்வெளி ஓடத்துலேருந்து ரேடார்ல அளந்த தரவு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இந்த சிமுலேட்டர்ல தரை 8 மீட்டருக்கு ஒரு புள்ளி, நடுவுல இருக்குறதெல்லாம் கணக்குப் போட்டு நிரப்பினது. கல்லாறு தாண்டினதும் பாதை மலைச்சரிவுல வெட்டின ஒரு சின்ன மேடை மேல போகுது, அந்த மேடை மொத்தமே ரெண்டு புள்ளிக்கு நடுவுல தொலைஞ்சு போகும். தண்டவாளத்தை வெச்சா ஒரு எடத்துல பாறைக்குள்ள போகுது, அடுத்த வளைவுல அந்தரத்துல தொங்குது. அடர்ந்த காடு இருக்குற எடத்துல ரேடார் மரத்து உச்சிப் பக்கமா அளந்துடுது, அங்க தரையே தூக்கி நிக்கும். ஒவ்வொரு வளைவா கையால இறக்கி, மேடை வெட்டித்தான் சரி பண்ணினேன். பல்தண்டவாளம் எப்படி பிடிக்கும்னு இதுக்குத் தெரியாது, சக்கரத்தோட பிடிமானத்தை நிஜத்துல இருக்கவே முடியாத அளவுக்கு ஏத்தி வெச்சாத்தான் எஞ்சின் வழுக்காம ஏறுது. இவ்வளவு கைவேலை செஞ்சா தான் பாக்குறதுக்கு நிஜம் மாதிரி வருது.
– கோவை

*

தம்பியின் கடைசி வரிக்குத் தொல்காப்பியர் பெயர் வைத்திருக்கிறார். "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்". உலகத்தில் உள்ளபடி இருப்பது உலகியல் வழக்கு, சுவைக்காக அமைத்துக்கொள்வது நாடக வழக்கு, இரண்டும் கலந்தால்தான் பாட்டு. முழு நீளத் தடம் உலகியல் தடம், இது நாடகத் தடம் என்று வைக்கலாமே? தண்ணீரும் பிடிமானமும் எல்லாம் அதில் அடங்கும். 'மெய்ப்பாடு' மட்டும் வேண்டாம், அது நகை அழுகை சார்ந்தது.
– மதுரை

*

ஐயா, அழகா இருக்கு, ஆனா 'நாடகத் தடம்'னு அட்டைல போட்டா டீச்சர் ஸ்டேஜ்ல போடுறதான்னு கேப்பாங்க. சொல் சுத்தமா இருந்து யாருக்கும் புரியலன்னா நாம யாருக்கு வேலை செய்றோம்? 'தடக்குறுக்கம்' எடுத்துக்கலாம். நாலாவது படிச்சவனுக்கும் குறுக்குனா தெரியும்.
– சென்னை

*

குறுக்கு எண்டால் குறுக்குவழியும் வரும். ஏதோ ஷோர்ட்கட் பாதை எண்டு நினைக்கமாட்டினமோ?
– டொரண்டோ

*

அப்படிப் பாத்தா எந்தச் சொல்லுமே மிஞ்சாது. பக்கத்துல ஒரு வரி விளக்கம் தான் வருதே.
– சென்னை

*

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை ஆச்சு, அச்சகத்துலேருந்து போன் வந்துட்டு இருக்கு. சென்னை நண்பர் சொன்ன தடக்குறுக்கத்தையே போட்டுட்டேன். முதல் பக்கத்துல இப்படி வருது: "இந்தத் தடத்தில் தடக்குறுக்கம் செய்யப்பட்டுள்ளது. கல்லாறு – ஹில்குரோவ் இடையே அடர்லி நிலையமும் அதைச் சுற்றிய பாதையும் விடப்பட்டுள்ளன. குன்னூர் – ஊட்டி இடையே தூரங்கள் பாதி. எஞ்சினின் நீர்ச்செலவு இதற்கேற்பவும், பிடிமானம் ஒப்புருவாக்கிக்கு ஏற்பவும் மாற்றப்பட்டவை." பக்கத்துலயே நிஜப் பாதையோட வரைபடம், எல்லா ஸ்டேஷன் பேரோடயும். ஐயாவோட நாடக வழக்கு, உலகியல் வழக்கை முன்னுரைல ஒரு பத்தியா சேர்த்திருக்கேன்.
– கோவை

*

தொகுத்தலையும் குறுக்கலையும் ஒரே பெயரில் போட்டதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்குள் இதைப் பேசி முடிக்க வேண்டும்.
– மதுரை

*

ஐயா சொல்றது தான் எனக்கும். விட்டதை விட்டதுன்னு ஒரு சொல்லுல சொல்லணும், குறுக்கம்னு சொன்னா அடர்லி எங்கயோ உள்ள மடிஞ்சு கிடக்குற மாதிரி இருக்கு. தம்பி, அடுத்த தடவை அதை வெச்சு ஒரு முழு ரூட்டும் கூட குடுங்க, நேரம் இருக்குற பையன் அதை ஓட்டட்டும். தண்ணிக் கணக்கு நான் எழுதித் தரேன்.
– குன்னூர்