ஞாயிறு ஷிப்ட், பொய்க் கையெழுத்து: வேலைக்குப் போகும் விசுவாசி எங்கே கோடு போடுவது?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். புதிதாக வேலைக்குப் போகும் வாலிபர்களுக்காக ஒரு வேதபாடம் தயாராகிறது. "சாட்சியாக வாழுங்கள்" என்றால் ஆமென் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை என்ன செய்வதென்று தெரியாது. மூன்று கேள்விகள். ஞாயிறு ஷிப்ட் போட்டால் எப்படிப் பேசுவது? மேலதிகாரி நடக்காததை நடந்ததாக எழுதச் சொன்னால்? கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்கள் நடுவில் எப்போது வாய் திறப்பது? வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் செய்முறையாகச் சொல்லுங்கள்.

மேல்வீட்டறை:
தானியேல் 1-ஐ எடுங்கள், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூத வாலிபன் தானியேலின் கதை. ஆனால் அவர் எதையெல்லாம் மறுக்கவில்லை என்று முதலில் பட்டியல் போடச் சொல்லுங்கள். பெல்தெஷாத்சார் என்று அந்நிய தெய்வத்தின் சாயலில் பெயர் வைத்தார்கள், அதற்குச் சண்டை போடவில்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் 3 வருடம் படிக்கச் சொன்னார்கள், படித்தார். அரண்மனை வேலையும் பார்த்தார். ராஜாவின் போஜனத்தில் மட்டும் நின்றார். எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்கிறவன் ஒன்றுக்காக நிற்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்து, அவர் கேட்ட முறை. முதலில் தன் இருதயத்தில் தீர்மானம், பிறகுதான் பேச்சு. 8-ம் வசனத்தில் "வேண்டிக்கொண்டான்" என்றுதான் இருக்கிறது, அறிவித்தான் என்றில்லை. பிரதானிகளின் தலைவன் தன் தலைக்கு ஆபத்து என்று பயந்தான். அந்தப் பயம் நியாயமானது. அதனால் தானியேல், தங்களைக் கவனித்துக்கொண்ட விசாரிப்புக்காரன் மேல்ஷாரிடம் போய் 10 நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், பிறகு முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார். சின்ன அளவு, முடியும் தேதி, முடிவு எதிராளியின் கையில்.

இதை ஷிப்டுக்கு அப்படியே பொருத்தலாம். பட்டியல் ஒட்டிய பிறகு போய் அழக்கூடாது, வேலையில் சேரும்போதே, முடியாவிட்டால் அடுத்த பட்டியல் எழுதுவதற்கு 2 வாரம் முன்பாவது, எழுத்தில் கேட்க வேண்டும்: "ஞாயிறு காலை 8 முதல் 12 வரை ஆராதனைக்கு விடுப்பு வேண்டும். பதிலுக்குச் சனி இரவையும் யாரும் விரும்பாத விடுமுறை நாள் ஷிப்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். 2 மாதம் பார்ப்போம். சரிவராவிட்டால் மறுபடி பேசலாம்." நேரம், ஈடு, தவணை மூன்றும் இருக்க வேண்டும். ஈடு இல்லாவிட்டால் அந்தச் சுமை ஒரு சக ஊழியரின் தலையில் விழும், உங்கள் பக்தி அவருடைய ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். இன்னொன்று, ஆராதனைக்கென்று வாங்கிய நேரத்தில் வேறெங்கோ சுற்றிய போட்டோ வெளியே வந்தால் அடுத்த முறை யார் கேட்டாலும் கிடைக்காது.

திராட்சைச்செடி:
ஓட்டக்காரர் எரிக் லிடெலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்தார். கப்பலேறும் நேரத்தில்தான் அது தெரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். மறுப்புக்குப் பின்னால் அத்தனை மாத உழைப்பு.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். பிரச்சினை பெரும்பாலும் பெரிய மோசடியாக வராது. ஒரு படிவத்தில் "பரிசோதனை முடிந்தது" என்ற கட்டமாக வரும். 12-ல் 9 தான் முடிந்திருக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, "நான் கிறிஸ்தவன், பொய் எழுத மாட்டேன்" என்பது. எதிரே இருப்பவருக்கு அது "நீ பொய்யன்" என்றுதான் காதில் விழும். அதற்குப் பதில் கட்டத்தை வெறுமையாக விட்டு, குறிப்பில் "9 முடிந்தது, 3 பாக்கி, வியாழன் மாலைக்குள் முடியும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்வது இதுதான். வற்புறுத்தினால், "எனக்குப் புரிந்தது சரிதானா?" என்று அந்த உத்தரவையே மெயிலில் திருப்பிக் கேளுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் உறுதி செய்ய முக்கால்வாசிப் பேர் தயங்குவார்கள்.

இதற்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு. உங்கள் பயணப்படி பில்லும், வந்துபோன நேரக் குறிப்பும் சுத்தமாக இருக்க வேண்டும். மறுத்த மறுநாள் முதலில் துருவப்படுவது அதுதான்.

நடுவழி:
எல்லாமே இவ்வளவு தெளிவாக வராதே, சகோதரரே. 2 இராஜாக்கள் 5-ல் குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், ராஜா தன் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற அந்நிய தெய்வத்தின் கோவிலில் பணியும்போது தானும் பணிய வேண்டியிருக்கும் என்கிறான். தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ" என்றுதான் சொன்னார். வாலிபர்களுக்கு அந்த இடமும் வேண்டும்.

மேல்வீட்டறை:
வேண்டும். ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். நாகமான் அதை மறைக்கவில்லை; தானே முன்கூட்டி சொல்லி மன்னிப்புக் கேட்டான். இனி வேறு தேவர்களுக்குப் பலியிட மாட்டேன் என்று சொல்லி, இஸ்ரவேலிலிருந்து இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் மண்ணையும் கேட்டான். யாரிடமும் சொல்ல முடியாத விதிவிலக்கு என்றால் அது நாகமானுடையது அல்ல. சபை மூப்பர் ஒருவரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும்.

திராட்சைச்செடி:
மூன்றாவது கேள்வி சுலபம். 1 பேதுரு 3:15, "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" என்கிறது. கேட்டால் சொல்லுங்கள், சாந்தத்தோடும் வணக்கத்தோடும். 2 நிமிடத்தில் சொல்ல ஒரு பதில் தயாராக இருக்கட்டும், மீதி இடைவேளையில். வேலை நேரத்தில் நீட்டினால் அது சம்பளம் கொடுப்பவரின் நேரம். அதே நிருபத்தில் 4:15-ல் கொலைபாதகன், திருடன் வரிசையில் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்" என்றும் இருக்கிறது. கேட்காத ஆட்களுக்குத் தினமும் வசனம் அனுப்பிவிட்டு, குரூப்பிலிருந்து நீக்கினால் உபத்திரவம் என்று சொல்பவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.

கடுகுவிதை:
மிக்க நன்றி. பார்ட்டி, விருந்து?

நடுவழி:
1 கொரிந்தியர் 10:27. அழைத்தால், மனதிருந்தால் போங்கள். குடிக்காதவர் முதல் அரைமணி நேரம் இருந்து, எல்லாரிடமும் பேசிவிட்டுக் கிளம்பலாம். கையில் ஏற்கெனவே ஒரு ஜூஸ் தம்ளர் இருந்தால் யாரும் ஊற்ற வர மாட்டார்கள்.