மாடியில் ஒளித்த பால்மா

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இது 2022 மார்ச்சில் நடந்தது. 400 கிராம் பால்மா பைக்கற் அப்போது 540 ரூபாய். டொலர் ஏறுவதால் இன்னும் சில நாளில் விலை கூடும் என்று, நாலாம் குறுக்குத் தெருவில் சாமான் எடுக்கப் போன இடத்தில் சொன்னார்கள். "இருக்கிறதை வெளியில் காட்டாதீங்க" என்று புத்தியும் சொல்லி அனுப்பினார்கள். நாலு பெட்டியையும் மாடிக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கடை வாசலில் 'பால்மா இல்லை' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். பொய்யை வாயால் சொல்வதைவிட எழுதிவைப்பது எவ்வளவோ சுகம்.

மட்டையை நம்பாமல் ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து கேட்டாள். இல்லை என்றேன். மேசையடியில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் இரவு செபமாலை உண்டு. பத்துப் பத்து மணிகளுக்கு ஒருமுறை வரும், இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தின் முதற்பாதியை அம்மா சொல்வார், மற்றப் பாதியை நாங்கள் சொல்ல வேண்டும். அந்தப் பாதி தொடங்குவதே அனுதின உணவைக் கேட்டுத்தான். சின்ன வயதிலிருந்து யோசிக்காமலே ஒப்புவித்த வரி. அன்று முதற் தடவை வாய்க்குள் முனகினேன். மூன்றாவது பத்து மணிகளுக்கு வந்தபோது எனக்கு அது வரவேயில்லை. பிள்ளைகள் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்கள். மேலே நாலு பெட்டியை வைத்துக்கொண்டு நான் இன்றைக்கு எதைக் கேட்பது?

விடிந்ததும் மட்டையைக் கழற்றிவிட்டு, ஆளுக்கு ஒன்று என்று பழைய விலைக்கே கொடுத்தேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கைப்பிள்ளைக்காரி வந்தாளா என்று தெரியாது, கூட்டத்தில் கவனிக்கவில்லை.

அப்புறம் விலை 790 ஆனது. விற்ற காசுக்குத் திரும்ப நாலு பெட்டி எடுக்க முடியவில்லை. ராக்கை காலி. மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நல்லது செய்தால் மறுநாளே கடவுள் கொட்டிக் கொடுத்தார் என்று சாட்சி சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது வேறு. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற நாட்கள் அவை. பக்கத்து மாடிவீடுகளில் அடுப்பு எரியவில்லை. எங்கள் பின்முற்றத்தில் அம்மாவின் பழைய விறகடுப்பு இருந்தது. அதை உடைத்துவிட்டுச் சாமான் அடுக்க அறை கட்டவேண்டும் என்று இரண்டு வருடமாக அவரோடு சண்டை பிடித்தவன் நான். மனைவி அதில் இடியப்பம் அவிக்கத் தொடங்கினாள். விடிய ஐந்து மணிக்கே ஆட்கள் வந்தார்கள். அந்த மாதக் கடை வாடகையை இடியப்பம்தான் கட்டியது. அம்மா குத்திக்காட்டவில்லை. விறகுக்கு மட்டும் காசு கேட்டார்.

*

மேலே எழுதியவருக்கு ஸலாம். நான் மருதானையில் ஓட்டோ ஓடுகிறேன். என் கதையில் பெட்டி கீழே இறங்கவில்லை.

2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். லீற்றர் 450 ரூபாய். ஒருவர் 3 லீற்றரை நாலு மடங்கு விலைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். "உனக்கு எழுதின ரிஸ்க்கை வேறு ஆள் எடுக்க ஏலாது மகன்" என்று வாப்பா சொல்லி வளர்ந்தவன்தான் நான். ரிஸ்க் என்றால் அல்லாஹ் நமக்கென்று அளந்து தரும் வாழ்வாதாரம். தெரிந்துகொண்டுதான் விற்றேன்.

இரண்டு நாளில், மாதாமாதம் கிளினிக்குக்கு ஏற்றிப் போகும் மாமி கோல் எடுத்தார். பெற்றோல் முடிந்துவிட்டது என்றேன். அதுவும் உண்மைதானே. முழங்கால் வருத்தத்தோடு பஸ்ஸில் போயிருக்கிறார்.

இப்போதும் என் ஓட்டோவில்தான் வருகிறார். கிளினிக் நாளில் நான் காசு வாங்குவதில்லை. அவர் ஏசிக்கொண்டே சீற்றில் வைத்துவிட்டு இறங்கிப் போகிறார்.