புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர்: பேரிங் ஆகியும் மேப்பில் வரவில்லை

கேள்வி: ரிசீவரை ஆண்ட்ராய்டு போனுடன் புளூடூத்தில் பேரிங் (இணைப்பு) செய்தாயிற்று. ஓஸ்மண்ட் (OsmAnd) மேப் ஆப் இன்னும் போனின் சொந்த ஜிபிஎஸ்ஸையே காட்டுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: பேரிங் மட்டும் போதாதுங்க. ரிசீவர் அனுப்புவதை ஆண்ட்ராய்டு தானாக எடுத்துக்கொள்ளாது. நடுவில் புளூடூத் ஜிபிஎஸ் ஆப் ஒன்று வேண்டும். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மேல் 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே 'மாக் லொகேஷன் ஆப்' (போனின் ஜிபிஎஸ்ஸுக்குப் பதிலாக இடத்தைத் தரும் ஆப்) என்பதில் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2: அதோடு ஜிஜிஏ (GGA) வரியையும் பாருங்கள்; ரிசீவர் இருக்கும் இடத்தைக் கமா போட்டுப் பிரித்து அனுப்பும் வரி அது. நேரம், அட்சம், தீர்க்கம் தாண்டி 6ஆவது இடத்தில் 0 இருந்தால் சாட்டிலைட் இன்னும் பிடிபடவில்லை. திறந்த வெளியில் அசையாமல் வையுங்கள். ஒரு சாட்டிலைட்டின் பாதை விவரம் முழுதாக இறங்கவே 30 வினாடி ஆகும். நடுவில் மறைந்தால் விட்டதை மறுபடி வாங்க வேண்டும்.

கேட்டவர்: 0தான் இருந்தது. மொட்டைமாடியில் வைத்ததும் 1 ஆகிவிட்டது. மாக் லொகேஷனும் போட்டேன், மேப்பில் வருகிறது. நன்றி.

பதில் 1: கேபிள் ரிசீவராக இருந்தால் பாட் ரேட்டையும் (தரவு அனுப்பும் வேகம்) பாருங்கள். வழக்கமாக 4800, சிலதில் 9600. தப்பாக இருந்தால் குப்பை எழுத்துதான் வரும்.